ஆடிக்காற்றில் மூன்று ஆண்டுகள்: கொழிஞ்சாம்பாறை – பொள்ளாச்சி சாலையில் ஒரு பேட்டரி வண்டி

2022 ஜூலையில் வாங்கிய என் மின்சார ஸ்கூட்டர், மூன்று ஆண்டுகள் முடிந்த இந்த மாதத்தில் 43,000 கிலோமீட்டரைக் கடந்திருக்கிறது. கேரளத்தின் கொழிஞ்சாம்பாறைக்கு அருகிலுள்ள வீட்டிலிருந்து, மாநில எல்லையில் இருக்கும் கோபாலபுரம் சோதனைச்சாவடி வழியாகத் தமிழ்நாட்டின் பொள்ளாச்சியில் நான் கணக்கு எழுதும் கயிற்று ஆலைக்குப் போக 24 கிலோமீட்டர், வர 24 கிலோமீட்டர். ஞாயிறும் பண்டிகைகளும் போக ஆண்டுக்கு ஏறத்தாழ 300 நாள் இதே சாலையில்தான் வண்டி ஓடுகிறது. எங்கள் பகுதியில் இதை எல்லோரும் பேட்டரி வண்டி என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன். வாங்கிய புதிதில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். நாள்தோறும் வேலைக்குப் போகிறவருக்குத் தெரிய வேண்டியது மூன்றாவது ஆண்டில் அது எப்படி இருக்கும் என்பதே.

வண்டியின் பேட்டரி 3 கிலோவாட் மணி கொள்ளளவு உடையது. முழுதாக நிரம்ப 3 யூனிட்டுக்குச் சற்று அதிகமான மின்சாரம் வேண்டும். மோட்டார் பின்சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் வகை. 750 வாட் சார்ஜரில் முழு சார்ஜ் ஏற நாலரை மணி நேரம் பிடிக்கும். மின்சார வண்டிகளுக்கு மத்திய அரசு தந்த ஃபேம் இரண்டாம் கட்ட மானியம் கிலோவாட் மணிக்கு 15,000 ரூபாயாக இருந்த காலத்தில் வாங்கியதால், சாலைக்கு வந்தபோது 1,21,000 ரூபாய் ஆனது. அந்த மானியம் 2023 ஜூனில் 10,000 ஆகக் குறைந்து, 2024 மார்ச்சோடு முடிந்தது. தயாரித்த நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. கீழே சொல்லியிருக்கும் பழுதுகளில் பெரும்பாலானவை இந்த வகை வண்டிகளுக்குப் பொதுவானவை; பெயரைப் பார்த்துவிட்டு, தம் வண்டிக்கு இது பொருந்தாது என்று யாரும் கடந்துபோய்விடக் கூடாது என்பதே காரணம்.

இந்தச் சாலையைப் பற்றிப் பேசும்போது முதலில் காற்றைப் பற்றிப் பேச வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாயில் வழியாகக் கிழக்கே பாய்கிறது. கஞ்சிக்கோட்டிலும் உடுமலைப் பக்கமும் காற்றாலைகளைச் சுற்றவைப்பது இதே காற்றுதான். எங்கள் ஊர் இருக்கும் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதியில் மழை குறைவு, காற்று அதிகம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை ஆனி பிறந்ததிலிருந்தே நாங்கள் கண்ணால் பார்க்கிறோம். காலையில் கிழக்கு நோக்கிப் போகும் என் முதுகைத் தள்ளுகிற அந்தக் காற்று, மாலையில் திரும்பும்போது நெஞ்சில் மோதுகிறது.

காலையில் மிச்சமாகும் மின்சாரம் மாலைச் செலவை ஈடுகட்டிவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கணக்கு அப்படி வருவதில்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடி விகிதத்தில் கூடுகிறது. நான் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிரே 25 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், வண்டி 65 கிலோமீட்டர் வேகக் காற்றைப் பிளந்துகொண்டு போக வேண்டும், எதிர்ப்பு 2.64 மடங்காகிறது. அதே காற்று முதுகில் வீசினால் எதிர்ப்பு 0.14 பங்காகக் குறைகிறது. காற்றே இல்லாத நாளில் போகவர 2 பங்கு செலவாகும் இடத்தில், காற்றடிக்கும் நாளில் 2.78 பங்கு செலவாகும். டயர் உரசலுக்கும் வண்டி எடைக்கும் ஆகிற செலவு காற்றால் மாறாது என்பதால் மொத்தச் செலவு அந்த அளவுக்கு ஏறுவதில்லை. சார்ஜருக்கென்று வீட்டில் தனியாக வைத்திருக்கும் சப்-மீட்டரில், சாதாரண நாளில் 48 கிலோமீட்டருக்கு 2 யூனிட்டும், ஆடி மாதத்தில் 2.6 யூனிட்டும் ஓடியிருக்கின்றன. மார்கழி, தை மாதங்களில் காற்று கிழக்கிலிருந்து திரும்பி வீசும். அப்போது காலைப் பயணம்தான் கடினம், ஆனால் அந்தக் காற்றுக்கு ஆடிக்காற்றின் வேகம் இருப்பதில்லை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், பேட்டரியின் முதுமையும் இந்தக் காற்றும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்துகொள்கின்றன என்பதே. ஆண்டுதோறும் அக்டோபரில், இரு பருவங்களுக்கு இடையே காற்று ஓய்ந்திருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முழு சார்ஜிலிருந்து 10 சதவீதம் வரும்வரை ஒரே சாலையில், ஒரே வேகத்தில் ஓட்டி அளக்கிறேன். 2022-இல் 86 கிலோமீட்டர் கிடைத்தது, 2023-இல் 80, 2024-இல் 74. ஒவ்வொரு ஆண்டும் ஏறத்தாழ ஒரே அளவாகக் குறைந்துகொண்டு வருகிறது, திடீர்ச் சரிவு ஏதும் இல்லை. இதுவரை ஓடிய தூரத்தைக் கணக்கிட்டால் 540 முழு சார்ஜுக்குச் சமம். நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த வகை பேட்டரிக்கு இந்த வயதில் இந்த நிலை நல்ல நிலை என்றே சொல்வேன். ஆனால் ஆடிக்காற்றில் அந்த 74 கிலோமீட்டர் 57 ஆகிவிடும். அக்டோபரில் அளந்த பிறகும் பேட்டரிக்கு ஒன்பது மாத வயது கூடியிருக்கிறது. 48 கிலோமீட்டர் தினமும் ஓட வேண்டியவனுக்கு அது விளிம்பு. ஆகவே இந்த ஆண்டு ஆனி முதல் தேதியிலிருந்து ஆலையிலேயே மதியம் ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டுக்கொள்கிறேன். முதலாளி அனுமதித்தார், அந்த அனுமதி கிடைக்காத இடத்தில் வேலை பார்த்திருந்தால் மூன்றாம் ஆண்டிலேயே ஆடி மாதத்தில் வண்டியை வீட்டில் விட்டுவிட்டுப் பேருந்தில் போயிருப்பேன். வாங்கும்போதே தினசரித் தூரத்தைப் போல இருமடங்கு, உண்மையாகவே சாலையில் கிடைக்கும் தூரமாக இருக்க வேண்டும் என்று நான் இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன். காட்சியறையில் சொல்லும் தூரத்தை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

பேட்டரியை முதுமையாக்குவது ஓட்டம் மட்டும் அன்று, வெயிலும்தான். பாலக்காட்டுப் பக்கத்துப் பங்குனி, சித்திரை வெயிலைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. முதல் ஆண்டில் ஆலையின் தகரக் கொட்டகையின்கீழ் நிறுத்தினேன். மாலையில் இருக்கையைத் தொட முடியாது. வீட்டுக்கு வந்த உடனே சார்ஜில் போட்டால், பேட்டரி சூடாக இருக்கிறது என்று திரையில் காட்டிவிட்டு ஏற மறுக்கும். இரண்டாம் ஆண்டிலிருந்து வேப்பமரத்தடியில் நிறுத்துகிறேன். சார்ஜ் போடுவதைப் பின்னிரவுக்கு மாற்றிவிட்டேன். சாதாரண நாள்களில் 85 சதவீதத்தோடு நிறுத்திவிட்டு, வாரம் ஒருமுறை மட்டும் முழுதாக ஏற்றி இரவு முழுவதும் இணைப்பிலேயே விடுகிறேன். இதை நான் கற்றது ஒரு பயத்துக்குப் பிறகுதான். ஒருநாள் மாலை கோபாலபுரம் தாண்டியதும் 23 சதவீதம் காட்டிய திரை, அரைக் கிலோமீட்டருக்குள் 4 சதவீதத்துக்கு இறங்கியது. உள்ளே இருக்கும் செல்கள் சமநிலை தவறிவிட்டன. எல்லாச் செல்களும் நிரம்பும் கட்டத்தில்தான் பேட்டரியின் கட்டுப்பாட்டு அமைப்பு அவற்றைச் சமன்செய்யும். நான் மூன்று மாதமாக ஒருமுறைகூட முழுதாக ஏற்றாமல் இருந்தேன். இரண்டு இரவு முழு சார்ஜில் விட்டதும் சரியாகிவிட்டது.

ஆக, எல்லோரும் அஞ்சுகிற பெரிய பேட்டரி என்னை ஒருமுறைகூட வழியில் நிறுத்தவில்லை. நிறுத்தியவை சிறிய பொருள்கள்.

முதலாவது, 12 வோல்ட் துணை பேட்டரி. 2023 டிசம்பர், மார்கழிப் பனி இறங்கிய ஒரு காலை. சாவியைத் திருப்பினேன்; திரை ஒருமுறை மங்கலாக மின்னி அணைந்தது. ரிலே ஒன்று உள்ளே டக் டக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. ஹாரனை அழுத்தினால் கொசு ரீங்காரம் போல ஒரு சத்தம் மட்டும். முந்தின இரவுதான் முழு சார்ஜ் ஏற்றியிருந்தேன். பெரிய பேட்டரியில் 80 கிலோமீட்டர் ஓடும் மின்சாரம் இருந்தும், அதைத் திறந்துவிடும் கட்டளையைக் கொடுக்க வேண்டிய சிறிய பேட்டரி செத்திருந்ததால் வண்டி அசையவில்லை. விளக்கு, ஹாரன், திரை, பூட்டு, மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலரை எழுப்பும் சுற்று ஆகிய எல்லாம் அந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. விலை 1,150 ரூபாய். பயனர் கையேட்டில் அதை எப்போது மாற்ற வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, கெடுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட். 750 வாட் சார்ஜர் 3 ஆம்பியருக்குச் சற்று அதிகமாகவே இழுக்கும். சாதாரண பிளக் பாயின்ட் அதைத் தாங்கும். ஆனால் பிடிப்புத் தளர்ந்த பழைய பாயின்ட்டில் அந்த மின்சாரம் நாலரை மணி நேரம் தொடர்ந்து ஓடும்போது தொடுமிடம் சூடாகும். ஒருநாள் விடியற்காலை பிளக்கைப் பிடுங்கியபோது விரல் சுட்டது. நியூட்ரல் முனையைச் சுற்றியிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் காப்பி நிறத்துக்கு மாறி, விளிம்பில் நூலளவு உருகி இருந்தது. அன்றே வயர்மேனை வரவழைத்து, 15 ஆம்பியர் பாயின்ட்டும் எர்த் இணைப்பும், மின்சாரம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் தனி எம்.சி.பி.யும் போடவைத்தேன். ஓட்டு வீட்டில் மரச்சட்டத்துக்கு அருகே சார்ஜ் போடுகிறவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது. சார்ஜரின் விசிறி ஒருமுறை ஆலையின் தேங்காய் நார்த்தூசி அடைத்து நின்றுபோனது. பொள்ளாச்சியில் டிவி பழுதுபார்ப்பவர் ஒருவர் 350 ரூபாயில் புது விசிறி மாற்றிக் கொடுத்தார். இப்போது ஆலையில் சார்ஜரை நார் உதறும் பக்கம் வைக்காமல் அலுவலக அறைக்குள் வைக்கிறேன்.

மூன்றாவதுதான் பெரியது. 2024 ஜூனில், 27,000 கிலோமீட்டரில், பின்சக்கரத்திலிருந்து அம்மி அரைப்பது போன்ற ஒரு முனகல் தொடங்கியது. ஒரு வாரத்தில் வண்டி புறப்படும்போது உதறத் தொடங்கியது. பிறகு ஒரு மாலை, எதிர்க்காற்றில், கோபாலபுரத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் நின்றேவிட்டது. மோட்டாரைப் பிரித்தபோது பேரிங்கில் துரு ஏறியிருந்தது; காந்தச் சக்கரம் எந்த நிலையில் இருக்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் சிறிய சென்சார்களில் ஒன்று கெட்டிருந்தது. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. எங்கள் பகுதியில் அவ்வளவு மழை இல்லை. அதற்கு முந்தைய மாதங்களில் நான்கு முறை வாட்டர் சர்வீஸ் கடையில் அழுத்தத்தோடு நீர் பீய்ச்சிக் கழுவவிட்டதுதான் காரணம் என்று நம்புகிறேன். நீர் புகாது என்பதற்கான ஐ.பி. 67 என்ற முத்திரை, ஒரு மீட்டர் ஆழத்து நீரில் அரை மணி நேரம் மூழ்கினால் தாங்கும் என்றுதான் சொல்கிறது. குழாயிலிருந்து சீறி வரும் நீர் அந்தச் சோதனையில் அடங்காது. அதன்பிறகு வாளித் தண்ணீரும் துணியும் மட்டும்தான்.

என் வருத்தம் பழுதில் இல்லை, அதன்பிறகு நடந்ததில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் அருகிலிருந்த சர்வீஸ் நிலையத்தில், வண்டி கேரளத்தில் வாங்கியது, வாரண்டி வேலையை அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். குட்டி யானை என்கிற சிறு சரக்கு வண்டி ஒன்றைப் பிடித்து, 1,300 ரூபாய் கொடுத்து, வண்டியை எதிர்த்திசையில் ஏற்றிப் போனேன். வாங்கிய இடத்தில், நீர் புகுந்தது வாரண்டியில் சேராது என்றார்கள். வண்டியை விற்கும்போது தேங்கிய நீரில் ஓட்டிக் காட்டியதும் அதே இடத்தில்தான். “பார்ட்ஸ் வரணும் சேட்டா” என்ற ஒரே பதிலோடு 19 நாள் போயின. நான் கேட்டும், என்ன பழுது, எந்தப் பாகம், எப்போது வரும் என்று எழுதிய ஒரு தாள்கூடத் தரவில்லை. அந்த 19 நாளும் காலை ஏழே காலுக்கு வீட்டை விட்டு இறங்கி, பேருந்து பிடித்து, இரவு எட்டு மணிக்கு வீடு சேர்ந்தேன். கடைசியில் 6,800 ரூபாய் கொடுத்து வண்டியை எடுத்தேன். எல்லைக்கு இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் வேலையுமாக வாழ்கிற ஆயிரக்கணக்கானவர்களுக்கு, எந்த மாநிலத்தில் வாங்கினாலும் எங்கும் ஒரே வாரண்டி என்ற சொல் எழுத்தில் இருந்தால் போதாது. அருகிலிருக்கும் நிலையத்தில் வாய்திறந்து கேட்டு, ஆம் என்ற பதிலை வாங்கிக்கொண்ட பிறகே பணம் கட்ட வேண்டும். ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நின்றுபோனால் எத்தனை நாள் நிற்கும் என்று யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை.

வாரண்டியைப் பற்றி இன்னொன்று. என் பேட்டரிக்கு மூன்று ஆண்டு அல்லது 30,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை. ஆண்டுக்கு 14,400 கிலோமீட்டர் ஓடுகிற எனக்கு இரண்டு ஆண்டும் ஒரு மாதமும் ஆனபோதே அது முடிந்துவிட்டது. தினமும் தொலைதூரம் போகிறவர்கள் ஆண்டுக் கணக்கைப் பார்க்க வேண்டாம், கிலோமீட்டர் கணக்கை மட்டும் பாருங்கள். இப்போது சில நிறுவனங்கள் கூடுதல் கட்டணத்துக்கு எட்டு ஆண்டு, 80,000 கிலோமீட்டர்வரை பேட்டரி வாரண்டி தருகின்றன. என்னைப் போன்ற ஓட்டம் உள்ளவர்களுக்கு அந்தப் பணம் வீண் இல்லை. பழைய வண்டி வாங்குகிறவர்கள் தயாரிப்பு மாதத்தையும் பார்க்க வேண்டும்: 2022-இல் பல ஊர்களில் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பிடித்ததை அடுத்து, பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 விதிகள் இறுக்கப்பட்டு, அந்த ஆண்டு டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. என் வண்டி அதற்கு முந்தையது.

டயரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பின் டயர் 15,000 கிலோமீட்டருக்கு மேல் தாங்கவில்லை. நின்ற இடத்திலிருந்து முழு விசையும் உடனே சக்கரத்துக்கு வருவதும், மோட்டாரின் எடை பின்சக்கரத்திலேயே இருப்பதும் காரணம். டியூப்லெஸ் டயர் என்பதால் பஞ்சரைச் சக்கரத்தைக் கழற்றாமலே அடைத்துவிடலாம். டயர் மாற்றுவதுதான் சிரமம். கோபாலபுரத்தில் வழக்கமாகப் போகும் கடைக்காரர், “மோட்டார் சக்கரத்துல நான் கை வெக்க மாட்டேனுங்க சார், உள்ள வயர் அறுந்துபோச்சுன்னா நாளைக்கு யாருங்க பதில் சொல்றது?” என்று நேர்மையாகவே சொன்னார். இரண்டாம் முறை அவரையே பக்கத்தில் உட்காரவைத்து, மோட்டாரின் மூன்று கம்பிகளையும் சென்சார் இணைப்பையும் நிறம் குறித்துக்கொண்டு நான் கழற்றிக் கொடுத்தேன். இப்போது அவரே செய்கிறார். பிரேக் பேட் பற்றிக் குறையில்லை. சஸ்பென்ஷன் இதுவரை தொந்தரவு தரவில்லை.

செலவுக் கணக்கு இது. மூன்று ஆண்டில் சப்-மீட்டரில் ஓடியது ஏறத்தாழ 1,900 யூனிட். யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று வைத்தாலும் 13,300 ரூபாய். என் பழைய ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தது. 43,000 கிலோமீட்டருக்கு 955 லிட்டர், லிட்டர் 102 ரூபாய் என்றால் 97,000 ரூபாய்க்கு மேல். 102 என்பது தமிழ்நாட்டுப் பக்கத்து விலையை ஒட்டிய எண். கேரளத்தில் 2023 ஏப்ரல் முதல் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு வரியும் சேர்ந்ததால், எங்கள் ஊர்க்காரர்கள் எல்லை தாண்டிப் போய்த்தான் டேங்கை நிரப்பிக்கொண்டு வருகிறார்கள். டயர், பிரேக் பேட், துணை பேட்டரி, மோட்டார் வேலை, குட்டி யானை வாடகை, வழக்கமான சர்வீஸ் எல்லாம் சேர்த்து மூன்று ஆண்டில் 21,100 ரூபாய் செலவழித்திருக்கிறேன். அதைக் கழித்தாலும் 62,000 ரூபாய்க்கு மேல் கையில் நின்றிருக்கிறது. கேரளத்தில் இருப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டு மின்நுகர்வு மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் படிப்படியான கட்டணம் போய், ஓடிய எல்லா யூனிட்டுக்கும் ஒரே உயர்ந்த விலை விழுகிறது. வண்டி மாதம் 55 யூனிட் சேர்க்கும். ஏற்கெனவே 200-ஐ ஒட்டி நிற்கும் வீட்டில் அந்த 55 யூனிட் மொத்த பில்லையே உயர்த்திவிடும்.

மறுபடி வாங்குவேனா என்று கேட்கிறவர்களுக்கு, வாங்குவேன் என்றே சொல்கிறேன். ஆனால் 4 கிலோவாட் மணிக்குக் குறையாத பேட்டரியோடு, நீட்டித்த வாரண்டியோடு, பொள்ளாச்சியிலேயே வேலை பார்த்துக் கொடுக்கும் நிலையம் உள்ள வண்டியாகப் பார்த்து வாங்குவேன். இருக்கிற வண்டியை இப்போதைக்கு மாற்றப்போவதில்லை. மோட்டார் வேலை முடிந்த பிறகு 16,000 கிலோமீட்டர் முனகல் இல்லாமல் ஓடியிருக்கிறது. அடுத்த துணை பேட்டரிக்கான நாள் டிசம்பரில் வருகிறது. அக்டோபரில் காற்று ஓய்ந்ததும் நான்காம் முறையாக அளப்பேன். 65 கிலோமீட்டருக்கு மேல் கிடைத்தால் இன்னொரு ஆடியும் இதே வண்டியில்தான்.